இணையக் குழுக்களில் கேட்பதும் பழகுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல் மெஷின் பழுது முதல் வானியல் வரை, இணையத்தில் குழு இல்லாத விஷயமே இல்லை. ஆனாலும் புதிதாகச் சேர்கிற பலர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, பதில் வராமலோ, வந்த பதிலின் தொனியில் மனம் நொந்தோ, அப்படியே ஒதுங்கிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. பதில் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் அதே குழுவில்தான் இருந்திருப்பார். புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

தேடினாலே எல்லாம் கிடைக்கிறதே, குழுவில் போய்க் கேட்பது எதற்கு?

தேடினால் கிடைக்கும் என்றால் தேடியே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் வேகம். குழு தேவைப்படுவது இரண்டு இடங்களில்.

ஒன்று, உங்கள் சிக்கலுக்கு என்ன பெயர் என்றே தெரியாதபோது. பெயர் தெரியாததை எப்படித் தேடுவது? சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது என்று படத்தோடு போட்டால், விவரம் தெரிந்த ஒருவர் "இது உப்புப் பூப்பது. சுவருக்குள் ஈரம் ஏறுகிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்" என்பார். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் மீதியை நீங்களே தேடிக்கொள்ளலாம்.

இன்னொன்று அனுபவம். ஒரு பொருளின் அளவு, எடை, திறன் எல்லாம் கம்பெனி தளத்தில் இருக்கும். மூன்று வருடம் ஓடிய பிறகு அது எப்படி இருக்கிறது என்பதை வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் மாடிப்படி எப்படி ஏறினீர்கள் என்ற கேள்விக்கும் அப்படித்தான், ஏறியவரிடம்தான் பதில் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதாதா?

பல கேள்விகளுக்குப் போதும். ஆனால் தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்லிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2022 டிசம்பரிலேயே செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பதில்களைப் பதியக்கூடாது என்று தடை போட்டது. படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறுகள் அதிகம் என்பதுதான் காரணம். குழுவில் ஒருவர் தவறாகச் சொன்னால் அடுத்தவர் வந்து மறுப்பார். அந்த மறுப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியும். இதை நான் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறேன்.

உங்கள் கேள்வியைச் சீராக எழுத அதன் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை. மற்றவர் கேள்விக்கு அதன் பதிலை அப்படியே கொண்டுவந்து ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். கேட்டவருக்கு அது வேண்டுமென்றால் அவரே அங்கு போயிருப்பார்.

எந்தக் குழுவில் சேர்வது? உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்தால் போதுமா?

போதாது. கடந்த ஒரு மாதத்தில் அங்கே வந்த கேள்விகளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். பதில் வந்திருக்கிறதா? கேட்டவர் திரும்ப வந்து "சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறாரா? யாராவது "நான் சொன்னது தவறு, இவர் சொல்வதே சரி" என்று ஒப்புக்கொண்டிருக்கிறாரா? இந்தக் கடைசி ஒன்றைப் பார்த்தால் தயங்காமல் சேருங்கள். கேள்விகளைவிட விளம்பரமும் "காலை வணக்கம்" படங்களும் அதிகமாக இருந்தால், எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் பயனில்லை.

விஷயம் குறுகக் குறுக பதில் நன்றாக இருக்கும். "புகைப்படக் கலை" குழுவில் உங்கள் கேமராவின் ஒரு குறிப்பிட்ட பிழைச் செய்தியைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியாமல் போகலாம். அதே கேமராவை வைத்திருப்பவர்களின் சின்னக் குழுவில் அது தினமும் பேசுகிற சங்கதியாக இருக்கும்.

வாட்ஸப், டெலிகிராம் குழுவுக்கும் பொதுவில் திறந்திருக்கும் தளத்துக்கும் என்ன வித்தியாசம்?

வாட்ஸப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம், டெலிகிராமில் 2 லட்சம் பேர் வரை. பதில் சீக்கிரம் வரும். ஆனால் பேச்சு ஓடிக்கொண்டே இருப்பதால் காலையில் வந்த அருமையான பதில் சாயங்காலம் எங்கோ மேலே போய்விடும். மூடிய குழுவில் பேசுவதைத் தேடுபொறி எடுத்துக் காட்டாது. அடுத்த வருடம் அதே சிக்கலோடு வருகிறவர் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

ரெடிட், ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போன்ற திறந்த தளங்களில் ஒவ்வொரு கேள்வியும் தனிப் பக்கமாக நிற்கும், பல வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம். அவசரம், ஆறுதல், நாள்தோறும் பேசிப் பழகுதல் என்றால் முதல் வகை. கொஞ்சம் ஆழமான சிக்கல், பதில் நாலு பேருக்குப் பின்னாலும் உதவ வேண்டும் என்றால் இரண்டாவது வகை. நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

சேர்ந்ததும் எழுதலாமா, கொஞ்ச நாள் படிக்க வேண்டுமா?

சில நாள் படியுங்கள். மேலே பின் செய்து வைத்திருக்கும் பதிவையும் விதிகளையும் கட்டாயம் படியுங்கள். எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பது குற்றம் ஒன்றும் இல்லை. இணையக் குழுக்களில் 90 பேர் படிப்பவர்கள், 9 பேர் எப்போதாவது எழுதுபவர்கள், ஒரே ஒருவர்தான் விடாமல் எழுதுபவர் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். குழுவுக்குக் குழு இது மாறும். ஆனாலும் நீங்கள் பார்க்கிற சலசலப்புக்குப் பின்னால் அமைதியாகப் படிக்கிற பெரிய கூட்டம் இருக்கிறது என்பது உண்மை. உங்கள் கேள்விக்கு வரும் பதிலை அவர்களும் படிக்கிறார்கள்.

கேள்வியை எப்படி எழுதினால் பதில் வரும்?

மற்ற கேள்விகளையெல்லாம் தாண்டிப் போனாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலான கேள்விகள் இப்படித்தான் வருகின்றன: "என் வாஷிங் மெஷின் வேலை செய்யவில்லை. யாராவது உதவுங்கள்." இதைப் படிக்கிற மெக்கானிக் என்ன செய்வார்? எந்த மெஷின், எங்கே நிற்கிறது, என்ன சத்தம் என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். அவருக்கு அலுப்பாக இருக்கிறது, கடந்து போய்விடுகிறார். அதே ஆள் இப்படி எழுதினால்:

"முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின், ஐந்து வருடப் பழசு. நேற்றிலிருந்து அலசி முடிந்ததும் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிடுகிறது. பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர்தான் போகவில்லை. பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. திரையில் வரும் எண்ணைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?"

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை செய்கிறது. பம்ப் சத்தம் கேட்கிறது என்றதும் அதற்கு மின்சாரம் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. குழாயில் அடைப்பு இல்லை என்றால் அடைப்பு அதற்கு முன்னால் இருக்க வேண்டும். தெரிந்தவர் உடனே எழுதுவார்: "பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கம் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து ஃபில்டரைப் பாருங்கள். தண்ணீர் கொட்டும், ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்." இரண்டு நாள் இழுக்க வேண்டிய பேச்சு ஒரே சுற்றில் முடிந்துவிட்டது.

ஆக, நாலு விஷயம் இருக்க வேண்டும்: என்ன பொருள், என்ன நடக்கிறது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், இப்போது உங்களுக்கு என்ன தெரிய வேண்டும். மூன்றாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதினால், நீங்கள் செய்து பார்த்ததையே மறுபடி செய்யச் சொல்லி யாரும் நேரத்தை வீணாக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், நீங்களும் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எதிரில் இருப்பவருக்கும் மெனக்கெடத் தோன்றும்.

தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். "அவசரம்!!! உதவி தேவை" என்ற தலைப்பைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது. பிழைச் செய்தி வந்தால் அதை உங்கள் வார்த்தையில் சுருக்காமல் எழுத்து மாறாமல் போடுங்கள். கணினித் திரையைக் கைபேசியில் படம் எடுப்பதைவிட ஸ்க்ரீன்ஷாட் நல்லது. செய்தியை எழுத்தாகவே ஒட்டுவது எல்லாவற்றிலும் நல்லது, ஏனென்றால் எழுத்தைத் தேட முடியும்.

நன்றாகக் கேட்டதற்கு ஊரறிந்த ஒரு உதாரணம் இருக்கிறது. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் யூஸ்நெட் குழுவில் (யூஸ்நெட் என்பது இன்றைய இணையக் குழுக்களுக்கு முன்னோடியான விவாதக் குழுக்களின் வலையமைப்பு) ஒரு சின்னப் பதிவு போட்டார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாஷ், ஜிசிசி என்ற இரண்டு மென்பொருள்களையும் அதில் ஓட வைத்துவிட்டேன், மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, என்னென்ன வசதி வேண்டும் என்பதுதான் அதன் சாரம். என்ன செய்கிறார், எதுவரை வந்திருக்கிறார், என்ன வேண்டும் என எல்லாமே அதில் இருக்கிறது. அந்த இயங்குதளம்தான் பின்னால் லினக்ஸ் ஆனது.

"உண்மையில் என்ன செய்யப் பார்க்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார்களே, ஏன்?

நல்லதற்குத்தான் கேட்கிறார்கள். உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கும். அதற்கு நீங்களாகவே ஒரு வழியை முடிவு செய்திருப்பீர்கள். அந்த வழியில் முட்டிக்கொண்ட இடத்தை மட்டும் வந்து கேட்பீர்கள். "கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை எப்படிப் பிரித்தெடுப்பது?" என்று ஒருவர் கேட்கிறார். அவருக்கு வேண்டியது அது என்ன வகைக் கோப்பு என்று தெரிந்துகொள்வது. எல்லா வகைக்கும் மூன்று எழுத்து இருக்காது, ஆகவே கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் நாளைக்கு அவர் மறுபடி மாட்டிக்கொள்வார். முட்டிய இடத்தோடு, போய்ச் சேர வேண்டிய இடத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பதிலே வரவில்லை. என்ன செய்வது?

ஒரு நாளாவது பொறுங்கள். தெரிந்தவர் வேறு நேர மண்டலத்தில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்புறம் உங்கள் கேள்வியை நீங்களே ஒரு வெளியாளாகப் படித்துப் பார்த்து, விட்டுப்போனதைச் சேருங்கள். "யாருமே இல்லையா?" என்று கேட்பதைவிட, "நேற்று இதையும் செய்து பார்த்தேன், இப்படி ஆனது" என்று ஒரு புது விவரம் சேர்ப்பது எவ்வளவோ மேல். அது கேள்வியை மறுபடி மேலே கொண்டுவரும், பதில் சொல்ல ஒரு பிடியும் கொடுக்கும்.

ஒரே கேள்வியைப் பல குழுக்களில் போடலாமா?

ஒரே நேரத்தில் வேண்டாம். ஓர் இடத்தில் கிடைக்கவில்லை என்றால் அடுத்த இடத்தில் போடுங்கள், முன்பு கேட்ட இடத்தின் லிங்க்கையும் சேருங்கள். விடை கிடைத்ததும் இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள்.

"ஏற்கெனவே கேட்டதுதான், தேடிப் பாருங்கள்" என்று எரிந்து விழுகிறார்களே?

எரிந்து விழுவது சரியில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மனம் அவ்வளவு புண்படாது.

டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் 1979இல் யோசித்து, 1980இல் ஓடத் தொடங்கியது யூஸ்நெட். ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களில் சேரும் புது மாணவர்கள் அங்கே வந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் குழுவின் பழக்கம் அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். 1993 வாக்கில் இணைய இணைப்பு தரும் வணிக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களையும் உள்ளே விடத் தொடங்கியதும், புதியவர்கள் வருடம் முழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். பழையவர்கள் அதை முடிவில்லாத செப்டம்பர் என்றார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்தவர்கள்தான் அடிக்கடி வரும் கேள்விகளைத் தொகுத்து, மாதம் ஒருமுறை குழுவில் போடும் வழக்கத்தைப் பரப்பினார்கள்.

இன்று உங்களிடம் சிடுசிடுப்பவரும் அதே அலுப்பில் இருப்பவர்தான். "இந்த இரண்டு பழைய கேள்விகளையும் பதில்களையும் படித்தேன், என் நிலைமை இந்த ஓர் இடத்தில் மாறுபடுகிறது" என்று தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அவரே வந்து விளக்குவார்.

பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

காரணம் சொல்பவரை. "இதைச் செய்" என்பவரைவிட "இதைச் செய், ஏனென்றால் இப்படி, இன்ன நிலைமையில் மட்டும் செய்யாதே" என்பவரின் பேச்சைச் சரிபார்க்க முடியும். அவருடைய பழைய பதிவுகளைப் பாருங்கள். அந்தத் துறையில் பல காலமாக எழுதுகிறாரா, எல்லாவற்றுக்கும் ஒரே பொருளை வாங்கச் சொல்கிறாரா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். தேதியையும் பாருங்கள். 2012இல் சரியாக இருந்து அதிக ஓட்டு வாங்கிய பதில் இன்றைக்கும் முதலிடத்தில் நிற்கலாம், இன்றைய மென்பொருளில் அது வேலை செய்யாது. திரும்பப் பெற முடியாத காரியம் எதுவானாலும், கோப்பை அழிப்பதோ சுவரை இடிப்பதோ, ஒரே ஒருவர் சொல்லைக் கேட்டுச் செய்யாதீர்கள்.

உடம்பு, சட்டம், பணம் பற்றிக் கேட்கலாமா?

அனுபவம் கேளுங்கள், முடிவைக் கேட்காதீர்கள். "இந்தப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் என்னென்ன கேட்டீர்கள்?" என்பது அருமையான கேள்வி. "இந்த மாத்திரையை நிறுத்தலாமா?" என்பதற்கு உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தவர்தான் பதில் சொல்ல முடியும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விஷம் போன்றவற்றுக்குக் குழுவில் எழுதி ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீண்ட நாள் நோயோடு வாழ்பவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் ஆகியோரின் குழுக்கள் தருகிற தைரியம் மிகப் பெரியது. ஆனால் அங்கே சொல்வதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொந்தப் பெயரில் எழுதலாமா?

தொழில் சார்ந்த குழு என்றால் சொந்தப் பெயர் நல்லது, பழக்கம் வளரும். உடல்நலம், குடும்பம், கடன் என்றால் புனைபெயர் போதும். எந்தப் பெயரானாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஆட்களுக்கு உங்களைத் தெரியும்.

படங்களில் கவனமாக இருங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகியிருக்கலாம். பல தளங்கள் அதை நீக்கிவிடுகின்றன, ஆனால் படத்தை ஃபைலாக அனுப்பினால் அப்படியே போய்விடும். பில்லின் படம் போடும்போது முகவரி, வாடிக்கையாளர் எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். பிள்ளைகள் படத்தில் இருந்தால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள்.

கேள்வி போட்டதும் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பி உதவுவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதிலைக் குழுவிலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல எண்ணம் உள்ளவர் எழுதிவிடுவார். மோசடிக்காரர்களுக்குத் தனிப் பேச்சுதான் வேண்டும், அங்கே மறுத்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. முக்கியமாக, "பணத்தை இழந்துவிட்டேன்", "கணக்கு முடங்கிவிட்டது" என்று எழுதுபவர்களைத் தேடி, மீட்டுத் தருகிறேன் என்று வருபவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கேட்டாலோ, ஓடிபி கேட்டாலோ, உங்கள் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பை நிறுவச் சொன்னாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அட்மினிடம் சொல்லுங்கள்.

நான் புதியவன். நான் யாருக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

போன வாரம் உங்களுக்கு வந்த சிக்கல் இந்த வாரம் வேறொருவருக்கு வரும். இருபது வருட நிபுணருக்கு ஆரம்பத்தில் எது குழப்பியது என்பது மறந்திருக்கும், உங்களுக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள், "எனக்கு இப்படிச் சரியானது" என்ற எல்லையோடு சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், நீங்கள் கேட்ட கேள்வியை முடித்துவையுங்கள். "ஃபில்டரைத் திறந்தேன், ஒரு பட்டனும் நூல் சுருளும் மாட்டியிருந்தன. எடுத்ததும் தண்ணீர் போய்விட்டது. நன்றி." இந்த மூன்று வரியை எழுத ஒரு நிமிடம் ஆகாது. "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதினால் எப்படிச் சரியானது என்று தெரியாமல் அடுத்தவர் தவிப்பார். பதில் சொன்னவருக்கும் தான் சொன்னது பலித்ததா என்று தெரியவே தெரியாது. பணம் வாங்காமல் நேரம் தருகிற மனிதருக்கு அந்தச் செய்தியாவது போய்ச் சேர வேண்டாமா?

பேச்சு சண்டையாக மாறினால்?

எழுத்தில் குரல் கேட்காது, முகம் தெரியாது. 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இணையப் பலகையில், லிஃப்டில் பாதரசம் சிந்தியதாக ஒருவர் சொன்ன கற்பனையைச் சிலர் நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தை ஒட்டித்தான், செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன், விளையாட்டுப் பேச்சுக்கு அடையாளமாக :-) என்ற குறியைப் போடலாம் என்று எழுதினார். அதனால் ஒரு வரி சுருக்கென்று தைத்தால், "நீங்கள் சொல்ல வருவது இதுவா?" என்று ஒருமுறை கேளுங்கள். அதற்கும் வசைதான் வந்தால் பதில் எழுதாமல் விட்டுவிடுங்கள், எல்லை மீறினால் அட்மினிடம் புகார் செய்யுங்கள். கடைசி வார்த்தை யாருடையது என்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இங்கே உண்மையான நட்பு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் "நண்பர்கள் தேவை" என்று பதிவு போட்டு அல்ல. ஒரே ஆளின் கேள்விகளுக்கு நாலைந்து முறை பதில் சொல்லி, அவர் வேலை எதுவரை வந்தது என்று விசாரித்து, ஒருநாள் அவர் உங்களை விசாரிக்கும்போது பழக்கம் தானாக வந்திருக்கும். குழுவில் பேசிப் பேசித் தெரிந்தவர்களை நேரில் பார்க்க விரும்பினால், முதல் முறை பொது இடத்தில், இன்னும் சிலரோடு சந்தியுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

நெருங்கிய நட்பாக வளராத பழக்கத்துக்கும் மதிப்பு இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவலைத் தந்தவர் எப்போதாவது பார்த்துப் பேசுகிற ஆள்தான் என்று காட்டியது. காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. எங்கோ இருக்கும் ஓர் அறிமுகம்தான் நமக்கு எட்டாத செய்தியைக் கொண்டுவரும்.

குழுவே மூடிவிட்டால் இத்தனை பதில்களும் என்ன ஆகும்?

போய்விடும். யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி பதில் தளம் 2005இல் தொடங்கி 2021 மே மாதம் மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மொத்தமாக நின்றது. அங்கே இருந்த பழைய பதிவுகளும் கோப்புகளும் அதற்கு முந்தைய வருடமே தளத்திலிருந்து அகற்றப்பட்டிருந்தன. ஆகவே உங்களுக்குப் பயன்பட்ட பதிலைத் தளத்தின் புக்மார்க்கில் மட்டும் நம்பி வைக்காதீர்கள். திறந்த பக்கம் என்றால் இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கலாம். வாட்ஸப் போன்ற குழுவில் வந்த பதில் என்றால், கேள்வி, பதில், தேதி மூன்றையும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். மூடிய குழுவில் மற்றவர் எழுதியதை வெளியே பகிர்வதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.